ஐந்தாவது நம்பர்

2008 ஒக்டோபர் 6, திங்கள்

மூன்று மாதமாக வாயைத் திறக்காமல் இருந்தேன். போதும். இன்று சாயந்தரம் தேத்தண்ணீர் குடிக்கும்போது பாக்கியத்திடம் சொல்லிவிட்டேன்: பிள்ளைக்குப் போன் வாங்கலாம்.

"இதைச் சொல்றதுக்கு மூணு மாசமா? அவ ஆடி மாசம் கேட்டா" என்றாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

காலையில் வெயில், இரண்டு மணிக்கு மேல் மழை. பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் கூரை ஒழுகியது. அதிபரிடம் எழுதிக் கொடுப்பது இது நான்காவது தடவை. "பார்ப்போம் மாஸ்டர்." எனக்கு வர வேண்டிய கதிரையில் உட்கார்ந்துகொண்டு எனக்கே பார்ப்போம்.

நான் ஏன் பேசாமல் இருந்தேன்? போன் வந்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று ஊரில் சொல்வார்கள், அதனால் இல்லை. கவிதா அப்படிப்பட்ட பிள்ளை இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம். இந்தத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அங்கே போனது அவள் ஒருத்திதான். கேட்டவுடன் கொடுத்துப் பழக்கமில்லை எனக்கு. அவ்வளவுதான். நேற்று விடுதிக்குப் பக்கத்துக் கொமியுனிகேஷன் கடையில் வரிசையில் நின்று வீட்டுக்கு எடுத்தாள். மூன்று தடவை லைன் அறுந்தது. நான்காவது தடவை, "பின்னால ஆள் நிக்கிறாங்கப்பா, வச்சிடுறேன்." என்ன சொல்ல வந்தாள் என்று தெரியவில்லை. அது மனதில் நின்றுவிட்டது.

ஒக்டோபர் 7, செவ்வாய்

பள்ளி விட்டு பஜாரில் நிஸாம் நானா கடை. சீனி, நெருப்புப்பெட்டி, கருவாடு, இப்போது ரீலோட் கார்ட். மூன்று கம்பனித் துண்டுப் பிரசுரமும் அவரிடம் உண்டு. மூன்றையும் வாங்கி மூலையில் உட்கார்ந்து வாசித்தேன். அரை மணித்தியாலம்.

"மாஸ்டர், கலியாணத்துக்குப் பொண்ணு பார்க்கக்கொள்ள சரி இப்படி யோசிச்சீங்களா?"

"அதுல யோசிக்காததாலதான் இதுல யோசிக்கிறேன்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பாக்கியத்தின் காதுக்கு இது நாளைக்குள் போய்விடும்.

பிரசுரங்களில் நட்சத்திரக் குறி போட்டு அடியில் எறும்பு எழுத்தில் நிபந்தனைகள். மேலே பெரிய எழுத்தில் தருவதை அடியில் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள். கல்வித் திணைக்களத்துச் சுற்றறிக்கையும் இப்படித்தான் வரும்.

கேட்டறிந்தது: சிம் யார் கையில் இருக்கிறதோ அவர் பெயரிலேயே இருப்பது நல்லது. செக் பொயின்டில் பஸ்ஸிலிருந்து இறக்கி, போன் யாருடையது, உரிமைக் கடிதம் எங்கே என்று கேட்கிறார்களாம். எங்கள் தமிழ்ப் பிள்ளைகளிடம் இன்னும் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பார்கள். ஆகவே கவிதா பெயரில்தான். அவள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அடையாள அட்டைப் போட்டோ கொப்பி இரண்டு.

ஒக்டோபர் 8, புதன்

சிக்னல் பார்த்தேன். மூன்று கம்பனிக்கு மூன்று இரவல் போன். எல்லாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அ கம்பனி: பள்ளிக் கொடிக்கம்பத்தடியில் இரண்டு கோடு. நகர்ந்தால் இல்லை.
ஆ கம்பனி: பிள்ளையார் கோயில் படியில் மூன்று கோடு. எங்கள் வீட்டுக் கொய்யா மரத்தடியிலும் ஒன்று, சில நேரம் இரண்டு.
இ கம்பனி: தொழிற்சாலை மேல்மாடியில் மட்டும். அங்கே கொழுந்துதான் காயும். மனிதர் போக முடியாது.

கோயில் படியில் ஏற்கெனவே கூட்டம். கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன மகளிடம் ஒரு அம்மா கத்திக்கொண்டிருந்தார்: "மொத சோத்தைத் தின்னுடி, அப்புறம் அவங்களுக்குப் போடு!" எங்கள் தோட்டத்துப் பிள்ளையாருக்கு இப்போது எல்லார் வீட்டுக் கதையும் தெரியும்.

வீட்டில் இருப்பது கம்பி இல்லாத சி.டி.எம்.ஏ. போன். அன்டெனாவைக் கொய்யாக் கிளையில் கட்டியிருக்கிறேன். மழை பெய்தால் ஊமை.

ஒக்டோபர் 9, வியாழன்

பள்ளியில் வாணி விழா. அவலும் கடலையும். அதிபர் முக்கால் மணித்தியாலம் பேசினார். நன்றியுரை எனக்கு. இரண்டு நிமிடத்தில் முடித்தேன். யாருக்கு நன்றி சொல்வது.

திட்டங்கள்:

1. அ கம்பனி. மாதக் கட்டணம், பில் வீட்டுக்கு வரும். எங்கள் தபால் முதலில் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கே எல்லார் கையிலும் பட்டு, பிறகுதான் எனக்கு. என் மகள் எத்தனை நிமிடம் பேசினாள் என்று கிளாக்கர் எனக்கு முன்னால் தெரிந்துகொள்வார். வேண்டாம்.

2. இ கம்பனி. இரவு பத்து மணிக்கு மேல் காலை ஐந்து வரை இலவசம். அந்த நேரத்தில் தகப்பனிடம் பேசுகிற பிள்ளை உலகத்தில் இல்லை. இது யாருக்காகப் போட்ட திட்டம் என்று தெரிகிறது. வேண்டாம்.

3. ஆ கம்பனி, கார்ட் போடுவது. ஐந்து நம்பர் கொடுக்க வேண்டும், எந்தக் கம்பனியானாலும் சரி. அந்த ஐந்துக்கும் பகல் முழுக்கக் கட்டணம் மிகக் குறைவு. மற்ற நம்பருக்கெல்லாம் மற்றக் கம்பனிகளைவிடக் கூடுதல்.

மூன்றாவதே. பாக்கியமும் சரி என்றாள். அந்த ஐந்து யார் யார் என்று எழுத உட்கார்ந்தோம்.

வீடு.
பாக்கியத்தின் தங்கை, ஹட்டன்.
விடுதி அறையில் கூட இருக்கும் பிள்ளை.
நிஸாம் நானா கடை. வீட்டு லைன் செத்தால் ஆள் விட்டுச் சொல்வார்.

ஐந்தாவதற்கு ஆள் இல்லை.

பாக்கியத்தின் அண்ணன்: எங்கள் கலியாணத்தில் என் அப்பாவைப் பின் வரிசையில் உட்காரவைத்தவர். செல்வராஜ், என்னோடு படித்தவன்: தொழிற்சங்கக்காரர் வீட்டு வாசலில் நின்று இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனவன். கோயில் தலைவர்: பேச்சே இல்லை. பெரியம்மா மகன், இரத்தினபுரி: கவிதா சோதனை பாஸானபோது ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

பாக்கியம் கேட்டுக்கொண்டே பயறு புடைத்தாள். "ஐம்பத்திரண்டு வயசுல அஞ்சு நம்பர் சேரல்ல உங்களுக்கு" என்றாள். பிறகு, "இன்னொரு ஆளும் இருக்கு."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். யாரைச் சொல்கிறாள் என்று தெரியும். என் தம்பி சிவபாலன். மாவனல்லையில் ஹார்ட்வேர் கடை. பதினொரு வருஷமாகப் பேச்சில்லை.

ஒக்டோபர் 11, சனி

கவிதா நேற்றுச் சாயந்தரம் வந்தாள். மெலிந்திருக்கிறாள். கேட்டால் "ஹொஸ்டல் சாப்பாடு அப்பா."

காலை ஏழு மணி பஸ்ஸில் கேகாலைக்கு. புறப்படும்போது பாக்கியம்: "மாவனல்லையில இல்லாத போன் கடையா? அரை மணித்தியாலம் கூட போகணுமா?" பஸ் மாவனல்லைக்கு வந்ததும் வழக்கம்போல இடது பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தேன். அவன் கடை வலது பக்கம். கவிதா வலது பக்க ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். கையைத் தூக்கியது மாதிரி இருந்தது. தலைமுடியைச் சரிசெய்தாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடையில் மல்காந்தி என்று ஒரு பெண். நல்ல பொறுமை. போன் சின்னது, டோர்ச் லைட் உள்ளது. கவிதாவுக்குச் சிவப்பு வேண்டும். சிவப்பு இல்லை. சாம்பல்.

பிறகு படிவம். "நம்பர் பஹக் தென்ன, சேர்" என்று சிங்களத்தில் ஐந்து நம்பர் கேட்டாள். ஐந்தும் நிரப்பாவிட்டால் கம்ப்யூட்டர் ஏற்காதாம். நான்கையும் நான் தாளைப் பார்த்துச் சொல்ல, கவிதா எழுதினாள். ஐந்தாவது என்ன என்று நான் யோசிப்பதற்குள் அவளே எழுதிவிட்டாள். யாரையும் கேட்காமல், எங்கும் பார்க்காமல், மனப்பாடமாக.

"யார் நம்பர் இது?"

"சித்தப்பா கடை."

பேனாவை வாங்கி அதை வெட்டினேன். பக்கத்தில் வேறு ஒன்று எழுத வேண்டும். வீட்டு நம்பரைத் தவிர எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு நம்பர், எங்கள் பள்ளிக்கூட ஆபீஸ். அதை எழுதினேன்.

மல்காந்தி படித்துப் பார்த்துவிட்டு, "இஸ்கோலெத சேர்?" என்றாள். பள்ளிக்கூடமா என்று இரண்டாம் தடவையும் கேட்டாள். ஆமாம் என்றேன். கவிதா வெளியே, கேகாலை பஸ் நிலையத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையெழுத்துப் போட்டாள்.

என் மகள் இனிமேல் குறைந்த கட்டணத்தில் எங்கள் அதிபரோடு பேசலாம்.

பஸ்ஸில் திரும்பி வந்தோம். போனை அவள் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

ஒக்டோபர் 12, ஞாயிறு

மழை இல்லை. வானம் மூடல்.

கொய்யா மரத்தடியில் கவிதா போனைத் தூக்கிப் பிடித்துக் கோடு பார்த்துக்கொண்டிருந்தாள். போய்ப் பக்கத்தில் நின்றேன். நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

"ஆவணி மாசம் எனக்குக் காய்ச்சல் வந்துச்சுல்ல."

"சின்னக் காய்ச்சல்னு சொன்ன."

"நாலு நாள் வார்ட்ல இருந்தேன்ப்பா. டெங்கு."

மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"மொத வீட்டுக்குத்தான் எடுத்தேன். இங்க மழை போல, லைன் போகல. நிஸாம் நானா கடைக்கு எடுத்தேன், யாரும் தூக்கல. அப்புறம் சித்தப்பாவுக்கு எடுத்தேன். ஒரு மணித்தியாலத்துல வந்துட்டாரு. சித்தி நாலு நாளும் கஞ்சி கொண்டு வந்தாங்க. வேற யாருக்குப்பா எடுப்பேன்?"

"நம்பர் எப்படித் தெரியும்?"

"கடை போர்டுலயே இருக்கே. அங்கதானே பஸ் மாறுறேன். ரெண்டு வருஷமா பார்க்கிறேன்."

"எங்ககிட்ட ஏன் சொல்லல்ல?"

"சித்தப்பா வந்தாருன்னு சொல்லாம டெங்கைச் சொல்ல முடியாதேப்பா."

பிறகு கேட்டேன்: "என்னைப் பத்தி என்னென்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நான்தான் ஒரு தடவை கேட்டேன், அப்பாதானே மூத்தவரு, தாத்தாவுக்கு நீங்க ஏன் கொள்ளி வச்சீங்கன்னு. 'ஆள் விட்டுச் சொல்லாதது என் பிழை. அண்ணனுக்கு நேரத்துக்குச் சேதி போகல'ன்னாரு. அதோட கடைக்குள்ள போயிட்டாரு."

பாக்கியம் சாப்பிடக் கூப்பிட்டாள். கோழிக்கறி வைத்திருந்தாள். என்ன சாப்பிட்டேன் என்று ஞாபகமில்லை.

ஒக்டோபர் 14, செவ்வாய். போயா விடுமுறை

கவிதாவைக் காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பருப்புப் பொடி, ஊறுகாய், தேங்காய் இரண்டு. "போய்ச் சேர்ந்ததும் ஒரு ரிங் குடுப்பேன், எடுக்காதீங்க, காசு போகும்" என்றாள். பதினொன்று இருபதுக்கு ஒரு ரிங். எடுக்கவில்லை. ஆனால் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், ஒன்பதரையிலிருந்து.

பாக்கியத்துக்கு டெங்கு விஷயம் முன்பே தெரிந்திருக்கிறது. "உங்ககிட்ட எப்படிச் சொல்றது" என்றாள். கோபப்பட நினைத்தேன். வரவில்லை.

ஒக்டோபர் 15, புதன்

இதை எங்கும் எழுதியதில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

1997, அப்பா என் தம்பி வீட்டில் காலமானார். கடைசி இரண்டு வருஷம் அவனோடுதான். என்னைக் கேட்காமல் கூட்டிக்கொண்டு போனான் என்பது என் முதல் மனத்தாங்கல். பாக்கியமும் பிள்ளையும் அப்போது ஹட்டனில் இருந்தார்கள். நான் தனியே.

சேதி சாயந்தரம் ஆறு மணிக்குத்தான் வந்தது என்று எல்லாரிடமும் சொன்னேன். பாக்கியத்திடமும். அதற்குள் கடைசி பஸ் போய்விட்டது, மறுநாள் முதல் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள், மூத்தவன் நான் இருக்க அவன் கொள்ளி வைத்துவிட்டான். பதினொரு வருஷமாக இந்தக் கதைதான்.

சேதி காலை பதினொரு மணிக்கு வந்தது.

அப்போது போன் என்றால் தோட்ட ஆபீஸ் போன் ஒன்றுதான். அவன் அதற்கு எடுத்திருக்கிறான். கிளாக்கர், ஆபீஸ் வேலையாள் முத்தையாவை அனுப்பினார். முத்தையா வாசலில் நின்று, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "சேர், மாவனல்லையில இருந்து போன் வந்திச்சி. பெரியவர் போயிட்டாராம்" என்றான்.

கேதம் சொல்ல ஆள் வர வேண்டும். சொந்தத்தில் ஒருத்தர் நேரில் வந்து, வாசலில் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களில் அப்படித்தான். தூரத்துப் பங்காளி வீட்டுக்கே ஆள் போகும். பெற்ற அப்பாவுக்கு, மூத்த மகனுக்கு, ஆபீஸ் போனில் சேதியா? நான் என்ன அவனுக்குக் கடன்காரனா, கூலி ஆளா என்று நினைத்தேன்.

வேட்டி கட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, கதிரையில் உட்கார்ந்தேன். ஆள் வரட்டும் என்று. வான் பிடித்து யாரையாவது அனுப்புவான், எப்படியும் அனுப்புவான். ஒரு மணி. இரண்டு மணி. மூன்றரைக்குக் கடைசி பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வீட்டுக்குக் கீழே வளைவில் போனது. சத்தம் கேட்டது. எழுந்திருக்கவில்லை.

அழவும் இல்லை. அன்று அதைத்தான் பெருமையாக நினைத்தேன்.

மறுநாள் நான் போனபோது ஆண்கள் குளித்துவிட்டு ஈரத்தோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். தம்பி தலை மழித்திருந்தான். "அண்ணே" என்று கிட்டே வந்தான். "சேதி ஆறு மணிக்குத்தான் கிடைச்சது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவன் பதில் பேசவில்லை.

ஒக்டோபர் 16, வியாழன்

மழை. லைன் இல்லை. பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு இரண்டு பாடவேளையும் ஒரே பாடத்தையே நடத்தினேன். பிள்ளைகள் சொல்லவில்லை, எழுதிக்கொண்டார்கள்.

நேற்று எழுதியதை வாசித்தேன். ஒன்று விட்டுப்போயிற்று. பதினொரு மணிக்குப் போன் எடுத்தது அவன். எப்போது எடுத்தான் என்று அவனுக்குத் தெரியும். பிறகு திரும்ப எடுத்து "அண்ணனுக்குச் சொல்லியாச்சா" என்று கிளாக்கரிடம் கேட்காமலா இருந்திருப்பான்? கேட்டிருப்பான். சொல்லியாச்சு என்று அவரும் சொல்லியிருப்பார்.

அப்படியானால் ஆறு மணி என்று நான் சொன்னபோதே அவனுக்குத் தெரியும். பொய் என்று தெரிந்து, கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறான். இப்போது என் பிள்ளையிடம் தன் பிழை என்று சொல்லியிருக்கிறான்.

ஆள் அனுப்பாதது அவன் பிழைதான். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் பஸ்ஸை விட்டது அவன் இல்லை.

ஒக்டோபர் 18, சனி

லைன் வந்தது. பத்து மணிக்குக் கவிதாவுக்கு எடுத்தேன். நானாக அவளுக்கு எடுப்பது இதுதான் முதல் தடவை.

"என்னப்பா? அம்மாவுக்கு ஏதும்...?"

"ஒண்ணுமில்ல. அந்த அஞ்சாவது நம்பர். பள்ளிக்கூட நம்பர். அதை மாத்திக்க."

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"மாத்திட்டேன்ப்பா."

"எப்ப?"

"அன்னைக்கு பஸ்ஸுல வர்றப்பவே. கேகாலை தாண்டுறதுக்கு முந்தி. மொத தடவை மாத்துறது சும்மாதான், அந்த அக்கா சொன்னாங்க."

மல்காந்தி இதைச் சிங்களத்தில் என் முன்னாலேயே சொல்லியிருக்கிறாள். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். காதில் விழவில்லை.

போனைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை என்று எழுதியிருக்கிறேன். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"கோபமா?" என்றாள்.

"இல்ல."

"நெசமாவா?"

"சாப்பிட்டியா?" என்றேன். வைத்துவிட்டேன்.

பாக்கியம் கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சீனி கூடப் போட்டு ஒரு தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

தம்பிக்கு எழுத உட்கார்ந்தேன். போன் எடுக்கலாம், லைன் இருக்கிறது. குரலில் சொல்ல வராது.

முதல் கடிதம் நான்கு பக்கம். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனது, நகரத்துப் பள்ளியில் சிங்கள மொழி வகுப்பில் தன் பிள்ளைகளைச் சேர்த்தது, என் புதுவீட்டுக்கு வராதது, எல்லாம். நல்ல நடை. வாசித்துப் பார்த்தேன். என்னைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. அடுப்பில் போட்டேன்.

இரண்டாவது ஒரு பக்கம். அதில் ஆள் அனுப்பாததை மட்டும் எழுதினேன். அதுவும் அடுப்பு. பாக்கியம், "தண்ணி கொதிக்கிற வரைக்கும் எழுதுங்க, விறகு மிச்சம்" என்றாள்.

மூன்றாவது:

"அப்பா போன சேதி அன்று காலை பதினொரு மணிக்கே எனக்குக் கிடைத்தது. ஆள் வரும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். பிள்ளையைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி."

மூன்று வரி. கூட்ட ஒன்றுமில்லை. குறைக்கவும் ஒன்றுமில்லை.

கீழே 'இப்படிக்கு' எழுதிவிட்டு அரை மணித்தியாலம். பெயரை முழுக்கப் போட்டால் பள்ளியிலிருந்து பெற்றோருக்கு அனுப்பும் கடிதம் மாதிரி இருக்கிறது. 'அண்ணன்' என்று போட வேண்டும். அதை அவன் சொல்லாமல் நானே எப்படிப் போட்டுக்கொள்வது. 'இப்படிக்கு' என்பதையும் வெட்டினேன்.

கடித உறை, முத்திரை இருக்கிறது. விலாசம் எழுதியாகிவிட்டது. என் எழுத்து அவனுக்குத் தெரியும், நான்தான் அவனுக்கு எழுதப் பழக்கினேன். நாளை பள்ளிக்குப் போகும் வழியில், பெயர் போடாமல், அப்படியே பெட்டியில் போட்டுவிடுகிறேன்.